டீசலா, பெட்ரோலா? கார் ராத்திரி எந்த ஊரில் நிக்கும்னு சொல்லுங்க

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சொந்த ஊர் தேவதானம். ராஜபாளையத்தில் இருந்து தென்காசி ரோட்டில் போனால் சேத்தூர் தாண்டி வரும் ஊர். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலுக்கோ, சாஸ்தா கோயில் அருவிக்கோ போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். "வீட்டுக்கு முதல் கார். அப்பா டீசல்தான் எடுக்கணும்னு நிக்கிறார். ஈஎம்ஐ கட்டப்போறது நான். எது சரிண்ணா?" இதான் கேள்வி.

நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "தம்பி, கார் ராத்திரி எங்க நிக்கும்? ஊர்லயா, சென்னையிலயா?" அவர் கொஞ்சம் குழம்பிட்டார். ஆனா பதில் முழுக்க அதில்தான் இருக்கு.

முதலில் அப்பா பக்கத்தைப் பார்ப்போம். டீசல் அதிக மைலேஜ் கொடுக்கும் என்பது உண்மை, அதுக்கு மூணு காரணம் இருக்கு. ஒண்ணு ரொம்ப சாதாரணமானது. நாம எரிபொருளை எடை போட்டு வாங்குறதில்லை, லிட்டரில் வாங்குறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் 740 கிராம் வாக்கில் இருக்கும், ஒரு லிட்டர் டீசல் 830 கிராம் வாக்கில். அதே ஒரு லிட்டருக்குள் டீசலில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி அடைஞ்சிருக்கு. அடுத்தது, டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் பதினைஞ்சு, பதினாறு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பத்த வைக்கும். பெட்ரோலை அவ்வளவு அழுத்தினால் தானாகவே தப்பான நேரத்தில் வெடிக்கும், அதனால் பத்து, பன்னிரண்டு மடங்கோடு நிறுத்திக்குவாங்க. அழுத்தம் கூடினால் அதே வெப்பத்தில் இருந்து கூடுதல் வேலை வாங்கலாம். மூணாவது, பெட்ரோல் எஞ்சின் வேகத்தைக் குறைக்க காற்று வரும் வழியையே அடைக்குது. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுற மாதிரி. டீசலில் டீசலின் அளவை மட்டும் குறைச்சா போதும். டிராஃபிக்கில் மெதுவா ஊர்ந்தாலும் டீசல் மைலேஜ் அவ்வளவா விழாததுக்கு இதான் காரணம்.

இது எஞ்சின் கணக்கு. அப்பாக்கள் மனசில் நிக்கிறது பங்க் கணக்கு, 2012 கணக்கு. பெட்ரோல் விலையை அரசு 2010 ஜூனிலேயே விட்டுக்கொடுத்துடுச்சு, டீசலை 2014 அக்டோபர் வரைக்கும் பிடிச்சு வச்சிருந்தது. நடுவில் இருந்த அந்த நாலு வருஷம்தான் டீசல் காரின் பொற்காலம். 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். அப்போ ஸ்விஃப்ட் டீசல் சோதனைக்கூட மைலேஜ் 22.9, பெட்ரோல் 18.6. நிஜ ரோட்டுக்கு ரெண்டிலும் இருபது சதவீதம் கழிச்சா, ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் மிச்சம். டீசல் வண்டிக்கு லட்ச ரூபாய் கூடுதலா கொடுத்திருந்தாலும் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குள் போட்ட காசு திரும்பிடும். அப்போ டீசல் வாங்கினவங்க புத்திசாலிங்கதான், அதில் சந்தேகமே இல்லை.

இப்போ அதே கணக்கைப் போடுவோம். க்ரெட்டாவை எடுத்துக்கலாம், ஒரே வண்டியில் ரெண்டு எஞ்சினும் 1.5 லிட்டரில் வருது. சோதனைக்கூட மைலேஜ் பெட்ரோல் மேனுவல் 17.4, டீசல் மேனுவல் 21.8. இருபது சதவீதம் கழிச்சா சுமார் 14, 17.5. 2024 மார்ச் விலைக்குறைப்புக்கு அப்புறம் நம்ம மாநிலத்தில் பெட்ரோல் 101 ரூபாய் வாக்கில், டீசல் 92 சொச்சம். கிலோமீட்டருக்கு பெட்ரோல் 7 ரூபாய் 20 காசு, டீசல் 5 ரூபாய் 30 காசு. மிச்சம் 1 ரூபாய் 90 காசு. டீசல் வண்டிக்குக் கூடுதல் விலை ஒன்றரை லட்சம் வாக்கில். அது திரும்ப ஏறக்குறைய 79,000 கிலோமீட்டர் ஓட்டணும். கூடுதல் கடனுக்கான வட்டி, கூடுதல் சாலை வரி, இன்சூரன்ஸ் எதுவும் இதில் சேர்க்கலை.

கார் தேவதானத்தில் நின்னா எவ்வளவு ஓடும்? ராஜபாளையம் போக 15 கிலோமீட்டர் வாக்கில். மாசம் பத்து தடவை போய் வந்தா 300. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரெண்டு தடவை, ஆண்டாள் கோயில், வரும்போது பால்கோவா, நூறு சொச்சம். தோட்டம், சேத்தூர், கல்யாண வீடுன்னு இன்னொரு நூறு. மாசம் 500 கிலோமீட்டர். 79,000 ஓட பதிமூணு வருஷம் ஆகும். ஈஎம்ஐ முடிஞ்சு எத்தனையோ வருஷம் கழிச்சும் அந்த ஒன்றரை லட்சம் திரும்பியிருக்காது.

அதே கார் சென்னையில் நின்னு, மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்து போனா, அதுவே 1,100 கிலோமீட்டர் வாக்கில் ஆகும். சிட்டிக்குள் ஒரு 600 சேர்த்துக்கோங்க. நாலே வருஷத்தில் கணக்கு டீசல் பக்கம் சாஞ்சிடும். ஒரே குடும்பம், ஒரே வண்டி, நிக்கிற இடம்தான் வேற.

பெட்ரோல் தரப்பில் ஒரு குறை சொல்லியே ஆகணும். இப்போ பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி பெட்ரோலை விட மூணில் ஒரு பங்கு குறைவு. அதுக்காக வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும்னு நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொல்லுது. அதுக்கேற்ப ட்யூன் பண்ணின புது வண்டியில் குறைவு ஒண்ணு, ரெண்டு சதவீதம்தான். 14-ஐ 13.5 ஆக்கினாலும் ஊரில் நிக்கும் வண்டிக்குப் பதினோரு வருஷம் ஆகுது. பதில் மாறலை.

சரி, "டீசல்னா இழுவை" என்கிற விஷயம். இதே க்ரெட்டாவில் பெட்ரோல் 115 குதிரைத்திறன், டீசல் 116. ஒண்ணுதான். ஆனா டார்க் பெட்ரோலில் 144, டீசலில் 250. டார்க் என்பது எஞ்சின் ஒரு சுத்துக்கு எவ்வளவு பலமா முறுக்குது என்பது. டீசல் மெதுவா சுத்தி பலமா முறுக்கும், பெட்ரோல் வேகமா சுத்தி அதே வேலையை முடிக்கும். அஞ்சு பேர், லக்கேஜ், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றம்: டீசலில் மூணாவது கியரிலேயே போயிடலாம். பெட்ரோலில் ரெண்டுக்கு இறக்கி எஞ்சினைக் கத்த விடணும். சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் ரெண்டு வழி ரோட்டில் பஸ்ஸை ஓவர்டேக் பண்ணும்போது இது வெறும் சொகுசு விஷயமில்லை. எதிரில் லாரி வருது, உங்களுக்கு இருப்பது சில விநாடிகள். பெட்ரோல் வண்டியில் கியர் இறக்காம ஆக்சிலேட்டரை மட்டும் மிதிச்சா வண்டி யோசிக்கும். கியரை இறக்கிட்டு அப்புறம் வெளியே வாங்க. அப்பாவுக்கு இதை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்க, தயவுசெஞ்சு.

டீசலும் எல்லா நேரமும் இழுக்காது. பழைய 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசல் ஓட்டினவங்களுக்குத் தெரியும், 1,800 சுத்துக்குக் கீழே டர்போ தூங்கும். கொண்டை ஊசி வளைவில் ரெண்டாவது கியரில் திணறும். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல்கள் இப்போ 1,500 சுத்திலேயே 172 டார்க் கொடுக்குது, அது நல்ல நடு வழி. ஆனா விரட்டி ஓட்டினா மைலேஜ் சட்டுனு இறங்கும்.

இதை விட முக்கியமான ஒண்ணு இருக்கு, ஷோரூமில் பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 வந்ததில் இருந்து டீசல் கார்களின் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு கரி வடிகட்டி இருக்கு. புகைக்கரியைப் பிடிச்சு வச்சுக்கும். நிறைஞ்சதும் 600 டிகிரி வாக்கில் சூடேத்தி கரியைத் தானே எரிச்சுக்கும். அதுக்கு எஞ்சின் நல்லா சூடாகி, வண்டி பதினைஞ்சு இருபது நிமிஷம் நிக்காம ஓரளவு வேகத்தில் ஓடணும். தோட்டத்துக்கு மூணு கிலோமீட்டர், கடைத்தெருவுக்கு ரெண்டு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எரிச்சுக்கிட்டு இருக்கும்போதே சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினா வேலை பாதியில் நின்னுடும். பல எஞ்சின்களில் இதுக்காகக் கூடுதலா தெளிச்ச டீசல் எரியாம கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்துடும். டேஷ்போர்டில் விளக்கு எரியும், கண்டுக்காம ஓட்டினா வண்டி வேகமெடுக்க மறுக்கும். வடிகட்டியையே மாத்தும் நிலை வந்தா, மிச்சம் பிடிச்ச பல வருஷ டீசல் காசு ஒரே பில்லில் போயிடும். மாருதி 2020-ல் டீசலையே விட்டதுக்குக் காரணம், சின்ன காரில் இந்தச் சாமான் செலவு கட்டுப்படி ஆகாது என்பதுதான்.

அதனால் அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: கார் அப்பாவோட ஊரில் நின்னா பெட்ரோல். டீசலே வேணும்னு அப்பா நின்னா, வாரம் ஒரு நாள் தென்காசி வரைக்கும் போய் வரணும்னு ஒப்பந்தம் போடுங்க. குற்றால சீசனில் அது கஷ்டமா இருக்காது.

பழைய டீசல் தேடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிஎஸ்4 சின்ன டீசல்களில் பெரும்பாலும் டிபிஎஃப் தொல்லை கிடையாது. ஆனா வயசாச்சு, இஞ்ஜெக்டர், டர்போ ரெண்டையும் தெரிஞ்ச மெக்கானிக்கிடம் காட்டாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. தில்லி பக்கம் பத்து வருஷ டீசலுக்குத் தடை வந்ததில் இருந்து அங்கிருந்து மலிவா வரும் வண்டிகளுக்கு என்ஓசி இருக்கா, இங்கே வரி எவ்வளவு வரும்னு ஆர்டிஓ ஆபீஸில் முதலில் கேளுங்க. பிஎஸ்6 பழைய டீசல்னா, கிலோமீட்டர் கம்மியா ஓடியிருக்குன்னு சந்தோஷப்படாதீங்க. எஞ்சின் ஆறினதும் ஆயில் கம்பியை உருவிப் பாருங்க. அளவுக் கோட்டுக்கு மேலே ஆயில் நின்னு டீசல் வாடை அடிச்சா, அந்த வண்டி கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடின வண்டியா இருக்கலாம். வேற வண்டி பாருங்க.