கோழிக் குஞ்சின் படுக்கை

நம் ஊர்ப்புறங்களில் கோழிக் குஞ்சுக்குப் படுக்கை அமைப்பது பற்றி எவரும் தனியே சிந்தித்ததில்லை. தாய்க்கோழி பழங்கூடையில் வைக்கோலின்மேல் அடைகிடக்கும். 21ஆம் நாள் குஞ்சுகள் வெளிவரும். பகலெல்லாம் தாயின் பின்னே திரிந்து, அந்தி சாய்ந்ததும் பஞ்சாரத்தினுள் அதன் இறகுகளுக்கிடையே ஒடுங்கிவிடும். தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியேறியுள்ள நம்மவர், பின்கட்டில் நாலைந்து கோழி வளர்க்க விரும்பினால், அவர்கள் கைக்குக் கிட்டுவது பெரும்பாலும் பொறியில் பொரித்த ஒரு நாள் குஞ்சேயாகும். அதற்குத் தாய் இல்லை. தலைக்குமேல் எரியும் விளக்கும் காலின்கீழ்க் கிடக்கும் கூளமுமே தாயின் வேலையைச் செய்தாக வேண்டும்.

இதனை யான் நூல் வழியே அறிந்தேன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் ஒரு மார்கழி மாதத்தில், என் மகள் வாரச் சந்தையிலிருந்து பத்துக் குஞ்சுகளை வாங்கி வந்தாள். அட்டைப்பெட்டி ஒன்றில் நாளிதழை விரித்து அவற்றை விட்டோம். மூன்றாம் நாள் இரண்டு குஞ்சுகளுக்குக் கால்கள் இருபுறமும் அகன்று நிற்க இயலாமற் போயிற்று. தாளின் வழுக்கலே காரணம் என்று எண்ணி, மரக்கடையிலிருந்து ஒரு பை மரத்தூள் கொணர்ந்து பரப்பினேன். அடுத்த மூன்று நாட்களில் நான்கு குஞ்சுகள் மாண்டன. கால்நடை மருத்துவர் ஒருவர் இறந்த குஞ்சொன்றை அறுத்துக் காட்டினார். தீனிப்பை நிறைய மரத்தூள். தானியம் ஒரு மணியும் இல்லை. மகள் அன்று இரவு உணவு கொள்ளவில்லை.

பிறந்த குஞ்சுக்குத் தீனி எது, தரை எது என்று தெரியாது. அலகுக்கு எட்டியதைக் கொத்தும். பொடியான மரத்தூள் குருணையைப் போலவே தோன்றுவதால் அதனை விழுங்கும். எனவே முதல் நான்கைந்து நாட்களுக்குச் செய்யத்தக்கது இது: கீழே இரண்டு அங்குல கனத்திற்குக் கூளம் பரப்பி, அதன்மேல் சொரசொரப்பான தாளையோ, நெளிவுள்ள அட்டையையோ, பழைய கோணியையோ விரித்து, தீனியைச் சிறிது அதன்மேலேயே தூவிவிடல் வேண்டும். கோணியில் பிரிந்த இழைகள் இருந்தால் காலிற் சுற்றிக்கொள்ளும், வெட்டிவிடுக. மேல்விரிப்பை நாள்தோறும் மாற்றுக. குஞ்சுகள் தீனியை அடையாளம் கண்டுகொண்ட பின்னர் அதனை எடுத்துவிடலாம்.

இனிக் கூளத்தைப் பற்றி. ‘ஆழ்கூள முறை’ என்று இன்று வழங்கும் சொல்லை அறியாத காலத்தில், ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. ‘லிட்டர்’ என்பதைக் ‘குப்பை’ என்றே எழுதினேன். குஞ்சுகளைக் குப்பைமேல் விடச் சொல்கிறதா அரசு என்று நண்பர் ஒருவர் நகைத்தார். கூளம் குப்பையன்று, ஈரத்தை உறிஞ்சி, தரையின் குளிரைத் தடுத்து, காலுக்குப் பிடிப்பும் தருவது அது.

அவற்றுள் முதலிடம் நெல் உமிக்கே தரலாம். வங்கத்திலும் ஆந்திரத்திலும் எளிதிற் கிடைக்கும், விரைவில் உலரும். தவிட்டுத் தூசி கலந்திருந்தால் புடைத்து நீக்குக. அடுத்தது மரச்சீவல், அதாவது தச்சர் இழைப்புளியினின்று சுருள் சுருளாக விழுவது. மரத்தூளைப் போல இதனைக் குஞ்சு விழுங்க முடியாது. ஆனால் எம்மரத்தின் சீவல் என்று கேட்டறிதல் இன்றியமையாதது. பிளைவுட், வார்னிஷ் பூசிய பலகை, பூச்சி அரிக்காமல் மருந்தூட்டிய கட்டை ஆகியவற்றின் சீவல் ஆகாது. வடநாட்டில் தேவதாருவின் சீவலும் கிடைக்கும். அதன் மணம் நமக்கு இனிது. ஆயின் மணம் மிக்க அவ்வெண்ணெய் குஞ்சின் மெல்லிய மூச்சுறுப்புகளை உறுத்தக்கூடும் ஆதலின் தவிர்ப்பதே நலம். கோதுமை வைக்கோலை நறுக்கிய பூசா முதல் வாரத்தில் வழுக்கும். கரும்புச் சக்கையும் நிலக்கடலைத் தோலும் ஈரம் பட்டால் எளிதிற் பூசணம் பிடிக்கும். நன்கு வெயிலில் உலர்த்தினாலன்றிப் பயன்படுத்தற்க.

பூசணத்தை அற்பமாக எண்ணுதல் கூடாது. அதன் நுண்வித்துகளை மூச்சோடு இழுத்த குஞ்சு, அலகைத் திறந்து திறந்து மூச்சுக்குத் திணறும். அந்நிலையில் மருந்தால் மீட்பது அரிது. முக்கல் நாற்றம் வீசும் மூட்டை மலிவாகக் கிடைத்தாலும் கடைக்காரரிடமே விட்டுவிடுக.

ஈரத்தால் வரும் மற்றொரு கேடு இரத்தக் கழிச்சல். அந்நோயின் நுண்ணுயிர் எச்சத்தோடு வெளிவந்தவுடன் தீங்கு செய்ய வல்லதன்று. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, அதனைக் கொத்தி உண்ட குஞ்சின் குடலைத் தாக்கும். ஆகவே கூளம் உலர்ந்திருப்பது அந்நோயைப் பெரிதும் அடக்கி வைக்கும். கையளவு கூளத்தை எடுத்துப் பிழிந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. தூசியாகப் பறந்தால் வறட்சி மிகுதி. கை விரித்ததும் மெல்ல உதிர்ந்தால் தக்க பதம். நீர்க்கிண்ணத்தைச் சுற்றியுள்ள பகுதியே முதலில் நனையும். அவ்விடத்துக் கூளத்தை அன்றாடம் அள்ளி எறிந்து புதியது இடுக. கிண்ணத்தை ஒரு செங்கல் துண்டின்மேல் வைத்தால் பாதித் தொல்லை தீரும். நாற்றத்தை நின்றபடி மோந்து முடிவு செய்தல் தவறு. குனிந்து, குஞ்சின் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் குஞ்சுக்கும் எரிகிறது என்பது பொருள்.

விளக்கைப் பற்றி ஒரு சொல். எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிக் குஞ்சுக்கு வேண்டிய வெப்பம் தராது. முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 35 செண்டிகிரேடு வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ 3 பாகை குறைக்கலாம். வெப்பந்தரும் குமிழை மின்கம்பியில் மட்டும் தொங்கவிடாமல் சங்கிலியாலும் கட்டுக. அறுந்து விழுந்தால் உலர்ந்த உமி உடனே பற்றிக்கொள்ளும்.

கூளம் மாற்றும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடுக; சிறுவர் தொட்டால் சோப்பிட்டுக் கை கழுவச் செய்க. அகற்றிய கூளத்தைக் கறிவேப்பிலைத் தொட்டியில் அப்படியே கொட்டினால் வேர் கருகும். ஒரு மூலையில் குவித்து, அவ்வப்போது நீர் தெளித்துக் கிளறி, இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டு இடுக. எங்கள் வீட்டுச் செடி அவ்வாறே தில்லிக் குளிரையும் தாங்கி நிற்கிறது. எஞ்சிய குஞ்சுகளுள் பெட்டையாய்த் தேறிய இரண்டும் அவ்வாண்டு ஆடியில் முட்டையிடத் தொடங்கின.