விழுவதும் ஒரு வித்தை

தெருக்கூத்தில் துரியோதனன் மடியப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் விடிந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து, ‘நேற்றுக் கட்டிய வேடத்தில் யாருடையது எடுப்பு’ என்று விவாதிக்கிறோம் அல்லவா? அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தொழில்முறை மல்யுத்தத்தின் ரசிகர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். யார் வெல்வார் என்பது கோதாவில் ஏறும் இருவருக்கும் முன்பே தெரியும். இதில் இப்போது ஒளிவுமறைவு கிடையாது. 1989ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தின் செனட் சபை முன், அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனமே தான் நடத்துவது போட்டியன்று, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய அரசுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக வந்த வாக்குமூலம் அது!

முடிவு தெரிந்த சண்டையில் ரசிகர் எதை எடைபோடுகிறார்? டேவ் மெல்ட்சர் என்ற அமெரிக்கர் 1980களிலிருந்து தம் செய்தி மடலில் ஒவ்வொரு மோதலுக்கும் விண்மீன் மதிப்பெண் அளித்து வருகிறார். ஐந்து விண்மீன் என்றால் மிகச் சிறந்தது என்று பொருள். 2017 சனவரி 4ஆம் நாள் தோக்கியோ டோமில் கசுச்சிகா ஒக்காடாவும் கென்னி ஒமேகாவும் 46 நிமிடங்களுக்கு மேல் மோதிய ஆட்டத்துக்கு அவர் ஆறு விண்மீன் கொடுத்தார். ஐந்துக்கு ஆறு! பள்ளிக்கூடத்தில் இப்படி ஓர் ஆசிரியர் வாய்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அளவுகோலே நீண்டுவிட்டதே என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்ததில் வியப்பில்லை.

அவர்கள் விவாதங்களைச் சற்றுக் கவனித்தால் ஒன்று விளங்கும். முழங்காலில் அடிபட்டதாக நொண்டியவர் அடுத்த நிமிடமே துள்ளி ஓடினால் ரசிகர் மன்னிப்பதில்லை. வலியை விடாமல் காட்டுபவரை அவர்கள் கொண்டாடுகிறார்கள். 1997 மார்ச்சில் சிக்காகோ அருகே நடந்த ஓர் ஆட்டத்தில் பிரெட் ஹார்ட்டின் பிடியில் சிக்கிய ஸ்டீவ் ஆஸ்டின், முகமெல்லாம் இரத்தம் வழிய, ‘தோற்றேன்’ என்று சொல்லாமலே மயங்கினார். அதுவரை வில்லனாக இருந்தவரை அன்றே கூட்டம் நாயகனாக ஏற்றுக்கொண்டது. நாயகனாக வந்த ஹார்ட் வில்லனாகித் திரும்பினார். உயரத்திலிருந்து குதிப்பதால் வந்த பெயரன்று இது. நடிப்பும் பொறுமையும் தேடித் தந்த பெயர்.

ஆனால் விழுவதை நடிக்க முடியாது. நூறு கிலோ எடையுள்ள ஆளைத் தூக்கிப் போட்டால் அவர் விழுந்துதான் ஆகவேண்டும். புவியீர்ப்புக்குக் கதை எழுதிக் கொடுக்க யாராலும் ஆகாது. பிறகு எப்படி எழுந்து நடக்கிறார்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தளத்தைத் தொடும்போது மணிக்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் இருக்கும். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் 200 என்று வரும். அதாவது புவியீர்ப்பைப்போல் சராசரியாக 200 மடங்கு எதிர்முடுக்கம். தளமும் மெத்தையும் உடலின் தசையும் சேர்ந்து பத்து சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் அது 20 மடங்காகக் குறைந்துவிடும். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

எனவே கோதாவின் தளம் கற்பாறையாக இருக்கக் கூடாது. எஃகுச் சட்டத்தின்மேல் மரப்பலகைகள், அவற்றின்மேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் இழுத்துக் கட்டிய கித்தான். பலகைகள் சிறிது வளைந்து கொடுக்கின்றன. அவை எழுப்பும் ‘தடால்’ ஓசைதான் கடைசி வரிசையில் இருப்பவரையும் பதறச் செய்கிறது. இதைக் கண்டு தளம் பஞ்சணை என்று எண்ணிவிடாதீர்கள். நாளெல்லாம் அதில் விழுந்து எழுபவருக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும்.

மீதியை உடல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கையை ஊன்றி விழுந்தால் முழு விசையும் ஓரங்குல எலும்பில் குவியும். முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படிந்தால் விசை அகன்ற பரப்பில் பரவி அழுத்தம் குறையும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையாலும் முன்கையாலும் தளத்தை அறைவதும் பரப்பைக் கூட்டத்தான். மோவாயை மார்போடு ஒட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியமானது. இல்லையேல் உடல் நின்ற பிறகும் தலை சாட்டைநுனிபோல் பின்னே வீசப்பட்டுத் தளத்தில் மோதும். ஜூடோ கற்பவர்களுக்கும் முதல் பாடம் இதுவே. இவற்றோடு, தூக்கப்படுபவர் தாமே எழும்பிக் கொடுக்கிறார்; தூக்குபவர் அவரது உடல் சாயும் கோணத்தைக் காக்கிறார். எதிரிகளாகக் காட்சி தரும் இருவரும் உண்மையில் ஒருவர் கழுத்தை மற்றவர் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1998 சூன் 28ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் நடந்ததைச் சொல்லலாம். மிக் ஃபோலி என்ற மல்லர் ஏறத்தாழ 16 அடி உயரக் கம்பிவலைக் கூண்டின் உச்சியிலிருந்து கீழே எறியப்பட்டார். ஒரு விநாடிப் பயணம்; தரையை நெருங்கும்போது வேகம் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர். அவர் வர்ணனையாளர் மேசைமீது விழுந்தார். மேசை நொறுங்கியது. அந்த நொறுங்கலில் ஆற்றலின் ஒரு பகுதி செலவாயிற்று. ஃபோலி மீண்டும் மேலே ஏறினார்! இம்முறை கூண்டின் கூரைவலை எதிர்பாராமல் பிய்ந்து, அவர் கோதாவுக்குள் விழுந்தார். கோதாவின் தளம் தரையைவிட உயர்ந்தது ஆகையால் இந்த வீழ்ச்சியின் உயரம் முந்தியதைவிடக் குறைவே. ஆனால் அவர் நினைவிழந்தது இதில்தான். முதலாவதற்கு உடல் ஆயத்தமாக இருந்தது; இரண்டாவதற்கு இல்லை. அது மல்யுத்தமா, கழைக்கூத்தா என்ற ரசிகர் விவாதம் இன்றும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் கழைக்கூத்து என்பேன். கழைக்கூத்தாடியாவது விழாமல் இருப்பதற்குக் கைதட்டல் வாங்குகிறார்.

ரசிகரின் கைதட்டலுக்கும் மல்லரின் கழுத்துக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தெரிகிறது. 1990களில் ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவாவும் அவர் காலத்து மல்லர்களும் ஆடிய ஆட்டங்கள் உச்ச மதிப்பெண் பெற்றன. 1994 சூன் 3இல் அவர் தோஷியாக்கி கவாடாவுடன் மோதியதை இன்றும் தலைசிறந்ததாகப் பலர் கூறுவர். சென்ற முறை கண்டதைவிடக் கடுமையான வீழ்ச்சி அடுத்த முறை தேவைப்பட்டது. முதுகில் விழுந்த இடத்தில் பிடரியில் விழுந்தார்கள். பிடரியில் விழும்போது பரப்பும் இல்லை, விலகிக் கொடுக்கும் தூரமும் இல்லை. மோவாயை ஒட்டிக்கொள்வதும் பயன்படாது. 2009 சூன் 13இல் இரோசிமாவில் அவர் வாழ்நாளில் எண்ணற்ற முறை வாங்கிய அதே வகை வீழ்ச்சிக்குப் பின் எழவில்லை. கழுத்துத் தண்டுவடக் காயத்தால் இறந்தபோது அவருக்கு வயது 46.

ஓரடியில் கொல்லாத காயமும் உண்டு. மண்டையோடு சட்டென நின்றாலும் திரும்பினாலும் உள்ளே மென்மையான மூளை ஒரு கணம் பிந்தி அசைகிறது. அதன் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. பலமுறை அடிவாங்கிய குத்துச்சண்டை வீரர்களிடம் தோன்றும் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்டு 1928லேயே விவரித்திருந்தார். 2007இல் இறந்த கனடிய மல்லர் ஒருவரின் மூளையை ஆராய்ந்தபோது, தொடர்ந்து தலையில் அடிபட்டோரிடம் காணப்படும் சிதைவு அதிலும் தென்பட்டது.

அதுவரை இரும்பு மடக்கு நாற்காலியால் தலையில் அடிவாங்குவது கோதாவின் வழக்கமான காட்சி. கையை உயர்த்தித் தடுக்காதவரே வீரர் என்று ரசிகர்கள் மெச்சினார்கள். 2010இல் அமெரிக்காவின் பெரிய நிறுவனம் தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்தது. அதன்பின் நாற்காலியைத் தட்டையாகப் பிடித்து முதுகின் தசைப்பற்றான பகுதியில் அடிக்கிறார்கள். ஓசை குறைந்ததாக எவரும் முறையிடவில்லை. மெல்லிய இரும்புத் தகடு அதிர்ந்து முழங்க அகன்ற பரப்பில் பட்டாலே போதும். அதற்குத் தலை தேவைப்படவில்லை.