சுக்கான் இல்லாத நீச்சல்

அமீபா போலிக்கால் நீட்டி ஊரும், பரமீசியம் குறு இழைகளை அடித்து நகரும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீச்சல் அவை இரண்டையும்விட விசித்திரமானது.

ஈ.கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரான். ஐந்நூறை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும். இவ்வளவு சிறிய உடம்பைத் தண்ணீர் அப்பிப் பிடித்துக்கொள்கிறது. நாம் கையை ஒருமுறை வீசிவிட்டுச் சும்மா கிடந்தாலும் கொஞ்ச தூரம் போவோம். ஈ.கோலை உந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலத்தைக்கூடத் தாண்டாமல் நின்றுவிடும். 1976-இல் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல். சிப்பியைப்போல் திறந்து மூடியும் அங்கே பிழைக்க முடியாது. மூடும்போது போன தூரம் திறக்கும்போது திரும்பிவிடும்.

அதனால் அது திருகுகிறது. உடம்பிலிருந்து சுருள் சுருளாக நீளும் கசையிழைகளின் அடியில், செல் சவ்வில் பதிந்த புரத மோட்டார் ஒவ்வொன்று உண்டு. வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்கள் அதை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் சுழற்றுகின்றன. இழை சாட்டைபோல் வளைந்து அடிக்கிறது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 1974-இல் ஆய்வாளர்கள் சில்வர்மேனும் சைமனும் எதிர்ப்பொருளைக் கொண்டு இழையைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். இழை சுழல வழியில்லை. பாக்டீரியாவின் உடம்பே கிறுகிறுவென்று சுற்றியது! சந்தேகம் தீர்க்க இதைவிட எளிய வழி இருக்குமா, தெரியவில்லை.

மோட்டார்கள் எல்லாம் இடஞ்சுழியாகச் சுற்றினால் இழைகள் ஒரே கற்றையாகச் சேரும். ஏறக்குறைய ஒரு நொடி நேரான ஓட்டம். ஒன்றிரண்டு வலஞ்சுழிக்கு மாறினாலே கற்றை பிரிந்துவிடும். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் புரண்டு தடுமாறிவிட்டு, வேறேதோ திசையில் மறுபடி ஓட்டம். அந்தத் திசையை அது தேர்ந்தெடுப்பதில்லை.

பிறகு இரை இருக்கும் பக்கம் எப்படிப் போய்ச் சேருகிறது? 1972-இல் ஆய்வாளர் ஹோவர்ட் பெர்க், நீந்தும் பாக்டீரியாவை விடாமல் பின்தொடரும் நுண்ணோக்கி ஒன்றை அமைத்துப் பார்த்தார். இரை கூடிக்கொண்டே வந்தால் புரளுவது தள்ளிப்போகிறது, ஓட்டம் நீள்கிறது. குறைந்தால்? பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை, வழக்கம்போல் ஓடிப் புரள்கிறது. இந்த ஓரவஞ்சனையே போதுமானதாக இருக்கிறது.

கூடுகிறதா, குறைகிறதா என்று அறியச் சில நொடிகளுக்கு முந்தைய நிலவரம் நினைவில் இருக்க வேண்டும். இரையை உணரும் புரதங்களில் மீத்தைல் தொகுதிகள் ஏறியிறங்கி அந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. உணர்வது சட்டென்று நடக்கும். மீத்தைல் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகத்தான். அந்தத் தாமதம்தான் ஈ.கோலையின் ஞாபகம்.