பாதுகாப்பு நிரலும் பதிப்புரிமைச் சட்டமும்

புணேயின் லோஹேகாவ் விமான நிலையத்திற்கு அண்மையிலுள்ள கராடி, மென்பொருள் தொழில் செழித்துள்ள பகுதியாகும். அங்குள்ள பொறியாளர் ஒருவர் ஒரு மென்பொருளின் மின்னணுப் பூட்டில் குறை காண்கிறார் எனக் கொள்வோம். அக்குறையை மெய்ப்பிக்கும் நிரலை அவர் வெளியிடலாமா?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இங்குக் கருதத்தக்கது. உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை முறியடிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். ஆயினும், முறையாகப் பெற்ற பிரதியில் மறைகுறியீட்டு ஆய்வு செய்வதும், உரிமையாளரின் அனுமதியுடன் கணிப்பொறியின் பாதுகாப்பைச் சோதிப்பதும் குற்றமாகா.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் கடுமையானது. முறியடிக்கும் கருவியைப் பரப்புவதையே அது தடுக்கிறது. அதன்கீழ் ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்ளியாரோவ் 2001இல் கைது செய்யப்பட்டார். அவர் பணியாற்றிய எல்காம்சாஃப்ட் நிறுவனத்தை 2002இல் நடுவர் குழு குற்றமற்றதென விடுவித்தது.

கருவிகளுக்கு அத்தகைய தனித் தடை நம் சட்டத்தில் இல்லை. எனினும் ஓர் இடர் உண்டு. சட்டம் தடை செய்யாத நோக்கத்திற்காகப் பூட்டை முறியடிக்கப் பிறருக்கு உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும். உலகறிய வெளியிட்ட நிரலை எடுத்தவர் யாவர் எனப் பதிவது எங்ஙனம்?

ஆகவே, எழுத்து மூலம் அனுமதி பெறுதலும், குறையை முதலில் உரிமையாளருக்குத் தெரிவித்தலும், முழு நிரலுக்கு மாறாக விளக்கத்தை மட்டும் வெளியிடுதலும் விவேகமாகும். மறைக்கப்பட்ட குறை நீங்குவதில்லை. அதைச் சுட்டுவோர் அஞ்சாதிருக்க, பதிவு விதியின் எல்லையைச் சட்டம் தெளிவாக்குதல் அவசியம்.