ஜீப்பின் பின்பக்க லிங்க்கை மாற்றப் போறீங்களா? முதல்ல இதைப் படிச்சிடுங்க!

கடலூர், சிதம்பரம் பகுதியில் தார், ஜிம்னி போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவரா நீங்கள்? "பின்பக்க லிங்க்கை ஹெவி டியூட்டியா மாத்திட்டா மணல்லயும் மேடுபள்ளத்துலயும் சூப்பரா போகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றினால் சிக்கல் என்று முதலில் தெரிஞ்சுக்கோங்க.

லிங்க் என்ன வேலை செய்கிறது?

பின் ஆக்சிலை சேஸிஸோடு இணைக்கும் இரும்புக் கைகள்தான் லிங்க். சுருள் ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பது லிங்க்தான். பிரேக் போடும்போது ஆக்சில் முன்பின் நகராமல் நீளவாக்கு லிங்க்குகள் தடுக்கின்றன. பக்கவாட்டில் நகராமல் தடுப்பது குறுக்கே போகும் பான்ஹார்ட் ராடு.

இவற்றின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் பள்ளத்தில் 'டக் டக்' சத்தம் வரும். வளைவில் வண்டியின் பின்பக்கம் அலையும். கடலோர உப்புக்காற்றில் போல்ட்டும் துருப்பிடிக்கும். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை பக்கம் அடிக்கடி போறவங்க, சர்வீஸின்போது அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

தேய்ந்த லிங்க்குக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே அளவு பாகத்தைப் போடுவது பழுதுபார்ப்பு, தாராளமாகச் செய்யலாம். வண்டியை உயர்த்தி, அதற்கேற்ப நீளமான லிங்க் போடுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, பிரிவு 182ஏ-யின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு விபத்தின்போதுதான். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், இன்சூரன்ஸ் கிளெய்மில் தகராறு வரும்.

மாட்டும்போது கவனிக்க

• இருபுறமும் ஜோடியாக மாற்றுங்க. பழைய துரு போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம்.

• வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை இறங்கிய பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்கணும். இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

• சில நாள் ஓட்டிய பிறகு இறுக்கத்தை மறுபடி செக் பண்ணச் சொல்லுங்க.

பணம் கொடுக்கும் முன்

எம்பரிவாஹன் செயலியில் உங்கள் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸ் தேதியையும் பாருங்க. பாக எண் எழுதிய பில்லைப் பத்திரமா வைங்க. அளவு மாறும் பாகம் என்றால், ஆர்.சி.யில் உள்ள பதிவு அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேளுங்க. டிஎன் 31 என்றால் கடலூர், டிஎன் 91 என்றால் சிதம்பரம். "எல்லாரும் போடுறாங்க சார்" என்று கடைக்காரர் சொல்வது அனுமதி ஆகாது.