தேனும் காடியும் – 9: ஒரு ஜாடி மருந்து கோர்ட்டுக்குப் போன கதை

ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில், சளியை இளக்கத் தேனையும் வினிகரையும் கலந்து கொடுத்த ‘ஆக்ஸிமெல்’ பற்றிப் போன வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் ஈரானுக்குப் போய் செகன்ஜபின் சர்பத் காய்ச்சுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகளும் தயார். ஆனால் ஆக்ஸிமெல்லின் இன்றைய வாரிசுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு அமெரிக்க வழக்கு கண்ணில் பட்டது. அதைப் படித்த பிறகு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. ஈரான் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

வழக்கின் நாயகன் ‘ஃபயர் சைடர்’. ரோஸ்மேரி கிளாட்ஸ்டார் என்ற மூலிகை ஆசிரியை 1978-ல் கலிஃபோர்னியாவில் ஒரு மூலிகைப் பள்ளியைத் தொடங்கினார். குளிர்கால ஜலதோஷத்துக்காக அந்தப் பள்ளியின் சமையலறையில் அவர் உருவாக்கிய டானிக் இது. எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் சரக்குதான் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், புத்தகங்களில் எழுதினார், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

செய்முறை சுலபம். வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் துருவிய இஞ்சி அரை கப், துருவிய ஹார்ஸ்ரேடிஷ் வேர் அரை கப், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, நசுக்கிய பூண்டு ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் கொஞ்சம். எல்லாம் மூழ்கி, மேலே இரண்டு விரற்கடை நிற்கும்வரை ஆப்பிள் சைடர் வினிகர் ஊற்ற வேண்டும். புட்டியில் 5 சதவீத அமிலம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடி தகரமானால் அதற்கும் ஜாடிக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள். இல்லாவிட்டால் வினிகரின் ஆவி பட்டே தகரம் துருப்பிடித்து, துரு உள்ளே உதிரும். மூன்று நான்கு வாரம் வெயில் படாத இடத்தில் வைத்து தினமும் ஒருமுறை குலுக்கி, பிறகு வடிகட்டித் தேன் கலக்க வேண்டும். காரம், புளிப்பு, இனிப்பு மூன்றும் நாக்கில் ஒன்றாக நிற்கும் அளவே தேனின் அளவு. ஃப்ரிட்ஜில் வைத்தால் சில மாதம் தாங்கும்.

ஊறும்போது சில சமயம் பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறும். மயில்துத்த நிறத்தைப் பார்த்ததும் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. கொட்ட வேண்டாம். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் செய்யும் வேலை அது, கெடுதல் இல்லை. மேலே வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படர்ந்தால்தான் கொட்ட வேண்டும்.

ஹார்ஸ்ரேடிஷுக்கு நம் ஊரில் எங்கே போவது என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபோது அவர்களுக்கும் இதே சிக்கல். முருங்கை வேர் அதே மாதிரி மூக்கில் ஏறியதால் அதை அரைத்துத் தொட்டுக்கொண்டார்கள். முருங்கைக்கு ‘ஹார்ஸ்ரேடிஷ் மரம்’ என்ற ஆங்கிலப் பெயர் அப்படி வந்ததுதான். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். முருங்கை வேர்ப்பட்டையில் நச்சுப் பொருள்கள் உண்டு. இஞ்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு ஸ்பூன் கடுகை இடித்துப் போடுங்கள். ஹார்ஸ்ரேடிஷ், கடுகு இரண்டின் காரமும் ஒரே வகை.

இனி வழக்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஷயர் சிட்டி ஹெர்பல்ஸ் என்ற நிறுவனம் இந்த டானிக்கைப் புட்டியில் அடைத்து விற்றது. விற்றதில் யாருக்கும் வருத்தமில்லை. 2012-ல் ‘ஃபயர் சைடர்’ என்ற பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. அதன் பிறகு, அதே பெயரில் வீட்டில் செய்து விற்றவர்களின் சரக்கு எட்ஸி இணையச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. இருபது முப்பது வருடங்களாக அந்தப் பெயரைச் சொல்லியே ஜாடி நிரப்பிக்கொண்டிருந்தவர்கள், இனி அந்தப் பெயரை லேபிளில் எழுதக்கூடாது என்றானது.

மூலிகைக்காரர்கள் கொதித்தார்கள். கிளாட்ஸ்டாரும் அவர்களுடன் நின்றார். பதிவை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டார்கள், அந்த நிறுவனத்தின் சரக்கைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். நிறுவனம் மூன்று பெண் மூலிகையாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. அவர்கள் பின்வாங்கவில்லை. சிறு தொழில் செய்து பிழைக்கும் மூன்று பெண்கள் வருடக்கணக்கில் ஃபெடரல் நீதிமன்றத்தில் நின்றார்கள். எனக்கு அவர்கள் மீது பெரிய மரியாதை உண்டாகிவிட்டது. 2019-ல் தீர்ப்பு வந்தது: ‘ஃபயர் சைடர்’ ஒரு பொதுப்பெயர், எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமாகாது. ‘ரசப்பொடி’ என்ற பெயரை ஒரே கம்பெனி பூட்டி வைக்க முடியாது என்பது போன்ற நியாயம்தான். அதே வருடம் கிளாட்ஸ்டார், 101 செய்முறைகளோடு ஃபயர் சைடருக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார்.

நமக்கு இது புதிதல்ல. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அது காப்புரிமை, இது வணிக முத்திரை, சட்டம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் கைகொடுத்தது எழுத்து. மஞ்சள் வழக்கில் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் எடுத்துப் போட்டார்கள். அமெரிக்கப் பெண்களுக்கோ, பதிவுக்கு முன்பே அச்சான செய்முறைகள் துணை நின்றன. எல்லாருக்கும் தெரியும் என்று சும்மா இருந்திருந்தால் இரண்டும் கைவிட்டுப் போயிருக்கும்.

டானிக் நிஜமாகவே வேலை செய்கிறதா? ஃபயர் சைடர் ஜலதோஷத்தைத் தடுக்கும் என்று நிரூபணமில்லை, அப்படிச் சொல்லி யாரும் உங்களிடம் விற்றால் நம்ப வேண்டாம். தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2018-ல், சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக்குக்கு முன் தேனைச் சொன்னது. வினிகரும் தேனும் சேரும்போது சில கிருமிகளைத் தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக அழிக்கின்றன என்று வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் எழுதினார்கள். அது ஆய்வுக்கூடத்தில் பார்த்தது, மனித உடம்பில் அல்ல. நான் இதை, ஒரு ஸ்பூனை அரை டம்ளர் வெந்நீரில் கலந்து, தொண்டை கரகரக்கும்போது குடிக்கிற பானமாகவே வைத்துக்கொள்கிறேன். நேராகக் குடித்தால் பல் எனாமல் அரிக்கும். வயிற்றுப்புண், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலினம் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்த வாரம் தவறாமல் ஈரான். புதினா போட்ட செகன்ஜபின், அதில் தோய்த்துத் தின்னும் லெட்யூஸ் இலை, அதே மருந்தை யுனானி மருத்துவர்கள் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வழி எல்லாம் பார்க்கலாம். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ போடும் கஷாயம், லேகியம், தேனில் ஊறும் இஞ்சி எதுவானாலும், வீட்டில் அதைச் சொல்லும் பெயர், சரக்கு, அளவு, யாரிடம் கற்றது, எந்த ஊர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கீழே தேதி போட்டு வையுங்கள்.