திங்கட்கிழமையும் ஓட வேண்டிய கார்



நமது சங்க விழாக்களில் பெரியவர்கள் ஒரு பக்கம் கூடிப் பேசினால், இளைஞர்கள் இன்னொரு பக்கம் கூடிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் பாதி கார்களைப் பற்றியதுதான். தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்ட பிறகு, பங்காருபேட்டையிலும் தங்கவயலிலும் உள்ள நம் குடும்பங்களின் பிழைப்பு பெங்களூரு என்றாகிவிட்டது. தாத்தா கூண்டில் இறங்கி வேலைக்குப் போனார். அப்பா விடியற்காலை ரயில் பிடித்துப் போனார். பிள்ளைகள் இப்போது கார் வாங்கியிருக்கிறார்கள். அதிலும் சிலர், கொஞ்சம் வேகமான, விளையாட்டுக் குணம் உள்ள காராகப் பார்த்து வாங்குகிறார்கள்.

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதிலிருந்து இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. "நானும் பந்தயப் பாதையில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "இதெல்லாம் நமக்குத் தேவையா தம்பி? நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். மோட்டார் பொறியியல் படித்து, வாகனப் பராமரிப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். என் சொந்தக் காரையே ஆண்டுக்கு இரண்டு முறை பந்தயப் பாதைக்குக் கொண்டுபோய்த் திரும்புகிறவனும்கூட. ஆகவே இரு தரப்பினருக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

டிராக் டே என்றால் என்ன?

இது பந்தயம் அன்று. பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை. பந்தயம் நடக்காத நாட்களில், கட்டணம் செலுத்திய பொதுமக்கள் தங்கள் காரையே கொண்டுவந்து, கண்காணிப்பாளர்களின் மேற்பார்வையில் ஓட்டிப் பார்க்க அனுமதிக்கும் நாள். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டுவது, பிறகு காரையும் மனிதரையும் ஆறவிடுவது, மறுபடி ஓட்டுவது என்று அந்த நாள் கழியும்.

இதில் நாம் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. இந்திய மோட்டார் பந்தயத்தின் வேர் பெருமளவு தமிழ் மண்ணில்தான் இருக்கிறது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியது. சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பாதை 1990ல் திறக்கப்பட்டது. கோவை செட்டிபாளையத்தில், மறைந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயர் தாங்கிய 2.1 கிலோமீட்டர் பாதை 2003ல் வந்தது. 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். 2010ல் அடுத்து வந்த கருண் சந்தோக் சென்னைக்காரர்.

பங்காருபேட்டையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகப் போவதில்லை. ஓட்டிக்கொண்டு போய், ஓட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலை அதே கார் வேலைக்குப் போக வேண்டும். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இந்தக் கட்டுரையின் அறிவுரை எல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

சாலையில் ஏன் கூடாது?

பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி 2024 இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மாலூர், பங்காருபேட்டை, பேத்தமங்கலம் வட்டாரத்தின் வழியாக அது போகிறது. அகலமான, நேரான சாலையைக் கண்டதும் காலுக்குக் கட்டுப்பாடு போய்விடுகிறது. "டிராக் இருநூறு கிலோமீட்டர், இது வீட்டு வாசலில் இருக்கிறதே" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார்.

சாலையில் எதிர்பாராமல் வருவது எதுவோ, அதுதான் ஆளைக் கொல்கிறது. விளக்கில்லாத டிராக்டர், குறுக்கே வரும் ஆடு மாடு, பழுதாகி நிற்கும் லாரி என எதுவும் வரலாம். பந்தயப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். வளைவுக்கு வெளியே கார் நழுவினால் நிற்க இடம் இருக்கிறது. கொடி காட்ட ஆள் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி, மாநில அரசின் அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் விடுவதும் வேகத்தைச் சோதிப்பதும் குற்றம். 2019 திருத்தத்திற்குப் பின், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மறுமுறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை. வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பிரேக்

காரைத் தயார் செய்வது என்றதும் இளைஞர்கள் எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தங்கவயல் மக்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டை இறக்குகிறவருக்கு, எஞ்சினின் பலத்தைவிட, கயிறும் பிரேக்கும் சரியாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். காருக்கும் அதே கணக்குத்தான்.

ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. என் கார் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.; எடை சுமார் 1,100 கிலோ. அதை 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குக் குறைத்தால், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் இரண்டு மூன்று வினாடிகளில் உண்டாகிறது. அதன் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும்தான் இறங்குகிறது. ஊருக்குள் இப்படி ஒருமுறை நடந்தால், அடுத்த முறைக்குள் எல்லாம் ஆறிவிடும். பந்தயப் பாதையில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது.

இந்த வெப்பம் பிரேக் ஆயிலுக்கும் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை ஆயில் புதியதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே பெடலை மிதித்தால் அது தரை வரை போகும், கார் மட்டும் நிற்காது. மூன்றாண்டாக மாற்றாத பிரேக் ஆயிலோடு பாதையில் இறங்குவது, அறுந்துபோகும் நிலையிலுள்ள கயிற்றில் கூண்டை இறக்குவது போன்றது.

செய்ய வேண்டியது எளிது. போவதற்கு முந்தைய வாரம் பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றி, காற்று எடுத்துவிடுங்கள். டாட் 4 போதும், 5.1 இன்னும் நல்லது. பெயரைப் பார்த்து ஏமாந்து, சிலிக்கான் வகையான டாட் 5ஐ ஊற்றிவிட வேண்டாம். அது நம் கார்களுக்கு உரியதன்று. பேடுகளில் பாதிக்கு மேல் கனம் இருக்க வேண்டும். முழுப் பந்தயப் பேடுகளை வாங்கி மாட்டாதீர்கள். அவை சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் குளிர்ந்த பிரேக்கை மிதிக்கும்போது நமக்கு வேண்டியது வேறு வகை. தெருவுக்கும் பாதைக்கும் பொதுவான நடுத்தரப் பேடுகள் கிடைக்கின்றன.

டயர், எண்ணெய், தண்ணீர்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 3522 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும், ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்ட பழைய டயரைக் கொண்டுபோக வேண்டாம். ஓட ஓட டயருக்குள் காற்று சூடேறி அழுத்தம் கூடும். ஆகவே சொந்தமாக ஒரு காற்றுமானி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அளந்து, கூடியதைக் கொஞ்சம் இறக்குங்கள். வீடு திரும்புமுன் மறக்காமல் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று நிரப்புங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கிப் பாருங்கள்.

எஞ்சின் ஆயில் புதிதாக இருக்கட்டும். அளவுக் கம்பியில் மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும். அதைத் தாண்ட வேண்டாம். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும், பேரிங்குகள் போய்விடும். ரேடியேட்டர் குழாய்களை அழுத்திப் பார்த்து, உப்பலோ வெடிப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் வெயில் நம் கோலார் மாவட்டத்து வெயில் அன்று. எஞ்சின் சூட்டில் இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

காருக்குள்ளே

காருக்குள் ஒட்டாத, கட்டாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில், குடை, ஜாக்கி, ஸ்டெப்னி, டிரைவர் காலடி மேட் எல்லாம் வெளியே வர வேண்டும். உருண்டு வரும் பாட்டில் ஒன்று பிரேக் பெடலுக்கடியில் போனால் போதும், விபரீதம்தான். டாஷ்போர்டில் வைத்திருக்கும் பிள்ளையாரையும் பத்திரமாக எடுத்து, கூட வந்தவர் கையில் கொடுங்கள். பேட்டரி அசையாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முழு முகம் மூடும் நல்ல தரமான ஹெல்மெட், கையை மூடும் பருத்திச் சட்டை, அடிப்பாகம் மெல்லிய மூடிய காலணி ஆகியவை ஓட்டுகிறவருக்கு வேண்டும். செருப்போடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதைச் செய்ய வேண்டாம் என்பதும் முக்கியம். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது, சைலன்சரை எடுத்துவிடுவது, எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது எதுவும் வேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்றுவது சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கும் விரோதம். முதல் பத்து முறை வரை, உங்கள் திறமையைவிடக் காரின் திறமைதான் அதிகமாக இருக்கும்.

பணமும் காப்பீடும்

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. நம் தனியார் கார் காப்பீட்டுப் பத்திரத்தில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்ற வாசகம் இருக்கும். பாதையில் கார் சுவரில் மோதினால் செலவு முழுவதும் நம்முடையது. எனவே, அந்தக் காரைப் பழுதுபார்க்கக் கையில் பணம் இல்லாதவர், இன்னும் பாதி மாதத் தவணை பாக்கியுள்ளவர், அவசரப்பட வேண்டாம். பாதைக்காரர்களின் பயிற்சிக் காரில் ஒருநாள் வகுப்பு எடுத்துக்கொள்வது மலிவு. சொந்தக் காருக்கும் சேதமில்லை.

அன்றைய தினம்

கொடிகளை மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, யாரையும் முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிடு. கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் முடிந்தது.

முதல் சுற்று மெதுவாகப் போங்கள். டயரும் பிரேக்கும் பதத்துக்கு வரட்டும். நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்து, பிறகு திருப்புங்கள். ஒரே நேரத்தில் கடுமையாக மிதிப்பதும் திருப்புவதும் டயரால் தாங்க முடியாத பாரம். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாகச் சுற்றி, எஞ்சினையும் டர்போவையும் பிரேக்கையும் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். களைப்பு வந்தால் இறங்கிவிடுங்கள்.

மாலையில் கிளம்புமுன் அரை மணி நேரம் உட்கார்ந்து, மோர் குடித்து, டயர், நட்டு, பிரேக் மூன்றையும் மறுபடி பாருங்கள். என் அனுபவத்தில் அன்றைய நாளின் ஆபத்தான பகுதி திரும்பி வரும் பயணம்தான். நாள் முழுக்க வேகத்தில் பழகிய கண்ணுக்கு எண்பது கிலோமீட்டர் நகர்வதே இல்லை என்பதுபோல் தோன்றும். வாணியம்பாடி, ஆம்பூர் சாலையில் இரவு லாரிகளுக்கு நடுவே அந்த மயக்கம் கூடாது. முடிந்தால் ஸ்டியரிங்கை நண்பரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். ஆசையை வீட்டில் அடக்கினால் அது இரவில் நெடுஞ்சாலைக்குப் போகும். கூடவே ஒருமுறை போய், நிழலில் உட்கார்ந்து பாருங்கள். நின்று பிடிக்கும் பிரேக்கும், கொடிக்குக் கட்டுப்படும் காலும் எப்படிப்பட்டவை என்று உங்கள் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வதை நேரிலேயே காண்பீர்கள். அந்தப் பழக்கம் திங்கட்கிழமை சாலையில் உங்களையும் சேர்த்தே காப்பாற்றும்.